மூன்று சராசரிகளும் ஓர் ‘எஃப்’ மதிப்பும்



தமிழ்ப்பள்ளிகளைப் பற்றிப் பேசும் கூட்டம் பிரிக்பீல்ட்சில் நடந்தாலும் சரி, கிள்ளானில் நடந்தாலும் சரி, ஒரு கட்டத்தில் திரையில் மூன்று பட்டைகள் எழுந்து நிற்கும். ஒன்று தேசியப் பள்ளி, ஒன்று சீனப்பள்ளி, ஒன்று தமிழ்ப்பள்ளி. 2013ஆம் ஆண்டின் மலேசியக் கல்விப் பெருந்திட்டம் மூவகைப் பள்ளிகளையும் அருகருகே நிறுத்தி ஒப்பிட்ட பிறகு இந்தப் பழக்கம் நம் ஆசிரியர்களின் செயலாய்வுகளுக்குள்ளும் முதுகலை ஆய்வேடுகளுக்குள்ளும் ஆழமாக வேரூன்றி விட்டது. பட்டைகளுக்கு அடியில் சிறிய எழுத்தில் ‘அனோவா, பி < 0.05, குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டு’ என்றொரு வரி இருக்கும். அந்த வரியைக் கண்டதும் அவை அடங்கிவிடுகிறது. கணினி சொல்லிவிட்டது, இனி மறுபேச்சு எதற்கு என்பதுபோல் பெற்றோர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கொள்கிறார்கள். அடுத்த ஆண்டு பிள்ளையை எங்கே சேர்ப்பது என்ற முடிவு சில வீடுகளில் அன்றிரவே எடுக்கப்படுகிறது.

அந்த வரி அவ்வளவு பெரிய செய்தி எதையும் சொல்லவில்லை என்பதே என் கருத்து. எது எதிலிருந்து வேறுபடுகிறது என்று அது சொல்லவில்லை. எவ்வளவு வேறுபடுகிறது என்றும் சொல்லவில்லை. ஏன் வேறுபடுகிறது என்பதைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. இதனை நம் ஆசிரியர்கள் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். பெற்றோர்களும் ஓரளவு அறிந்திருந்தால் திரையைக் கண்டு மிரளத் தேவையிருக்காது. கணக்கு என்றதும் பக்கத்தை மூடிவிட வேண்டாம். கூட்டல், கழித்தல், வகுத்தல், வர்க்கம் ஆகிய நான்கும் தெரிந்தால் போதும். நம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்தவைதாம்.

ஒருவழி மாறுபாட்டுப் பகுப்பாய்வு என்பது மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழுக்களின் சராசரிகளை ஒரே நேரத்தில் ஒப்பிடும் முறை. ‘ஒருவழி’ என்றால் குழுக்களைப் பிரிக்கும் காரணி ஒன்றே ஒன்று என்று பொருள். பெயரைக் கவனியுங்கள். சராசரிகளை ஒப்பிடும் முறைக்கு ‘மாறுபாட்டுப் பகுப்பாய்வு’ என்று ஏன் பெயர் வந்தது? சராசரிகள் தமக்குள் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதை மட்டும் பார்த்தால் போதாது. ஒவ்வொரு குழுவுக்குள்ளும் பிள்ளைகள் எவ்வளவு சிதறி இருக்கிறார்கள் என்பதோடு சேர்த்துத்தான் அதனை எடைபோட வேண்டும். உள்ளே இருக்கும் சிதறலை அளவுகோலாகக் கொண்டு வெளியே இருக்கும் இடைவெளியை அளக்கிறோம். முறையின் உயிர்நாடி இதுதான்.

பயிற்சிக்காக நானே எண்களை அமைத்துத் தருகிறேன். எந்தப் பள்ளியின் புள்ளிகளும் இவையல்ல. மூன்றாம் ஆண்டு மாணவர் பதினைந்து பேரை ஐந்தைந்தாகப் பிரித்துச் சொல்வதெழுதலுக்கு மூன்று விதமாகப் பயிற்சி அளிக்கிறோம் என்று கொள்வோம். முதற்குழு வழக்கமான முறை, இரண்டாம் குழு கதை வாசிப்பு, மூன்றாம் குழு இணையர் பயிற்சி. இருபத்தைந்து புள்ளிக்கு ஒரு சோதனை. முதற்குழு பெற்றவை 10, 11, 12, 13, 14. இரண்டாம் குழு 11, 12, 13, 14, 15. மூன்றாம் குழு 15, 16, 17, 18, 19. சராசரிகள் முறையே 12, 13, 17. எல்லாரையும் சேர்த்த மொத்தச் சராசரி 14.

இப்போது குழுக்களுக்கு இடையிலான மாறுபாடு. 12 மொத்தச் சராசரியிலிருந்து 2 விலகியுள்ளது, 13 ஒன்று, 17 மூன்று. வர்க்கப்படுத்தினால் 4, 1, 9. கூட்டினால் 14. குழுவுக்கு ஐவர் என்பதால் ஐந்தால் பெருக்க 70. மூன்று குழுக்கள் இருப்பதால் கட்டின்மைப் பாகை இரண்டு. 70ஐ இரண்டால் வகுக்க 35. அடுத்து, குழுவுக்குள் இருக்கும் மாறுபாடு. ஒவ்வொரு குழுவிலும் விலகல்கள் 2, 1, 0, 1, 2. வர்க்கங்களின் கூடுதல் 10. மூன்று குழுவுக்கும் 30. பதினைந்து பேரில் மூன்று சராசரிகளுக்காக மூன்றைக் கழித்தால் 12. 30ஐ 12ஆல் வகுக்க 2.5. முதலில் வந்த 35ஐ இந்த 2.5ஆல் வகுத்தால் 14 கிடைக்கிறது. அதுதான் ‘எஃப்’ மதிப்பு.

பயிற்சி முறைகளுக்கிடையே உண்மையில் எந்த வேறுபாடும் இல்லையென்றால் எஃப் ஏறக்குறைய ஒன்றைச் சுற்றியே இருக்கும். இந்த அளவுக்குரிய அட்டவணையில் ஐந்து விழுக்காட்டு எல்லை 3.89. நமக்குக் கிடைத்த 14 அதைத் தாண்டி எங்கோ நிற்கிறது. ஆகவே ‘எல்லாக் குழுக்களும் சமம்’ என்ற இன்மைக் கருதுகோளைத் தள்ளிவிடலாம்.

அதே சராசரிகளை வைத்துக்கொண்டு சிதறலை மட்டும் கூட்டிப் பாருங்கள். முதற்குழு 6, 9, 12, 15, 18. இரண்டாவது 7, 10, 13, 16, 19. மூன்றாவது 11, 14, 17, 20, 23. சராசரிகள் அதே 12, 13, 17தான். திரையில் பட்டைகள் வரைந்தால் முன்பு வரைந்ததற்கும் இதற்கும் மயிரிழை வேறுபாடு கூட இராது. ஆனால், குழுவுக்குள் வர்க்கங்களின் கூடுதல் இப்போது 270. பன்னிரண்டால் வகுக்க 22.5. எஃப் மதிப்பு 35ஐ 22.5ஆல் வகுக்க 1.56. எல்லையான 3.89ஐ எட்டவே இல்லை. முறைகளுக்கிடையே வேறுபாடே இல்லாவிட்டாலும், இவ்வளவு இடைவெளியோ இதைவிடப் பெரிய இடைவெளியோ நான்கு முறைக்கு ஒருமுறை தற்செயலாகவே வந்துவிடும். சராசரிப் பட்டைகளை மட்டும் காட்டிவிட்டு இறங்கிப்போகும் பேச்சாளரிடம், “ஐயா, பிள்ளைகள் எவ்வளவு சிதறி இருந்தார்கள்?” என்று ஒரு தாய் கேட்டால் அது அறியாமைக் கேள்வி அன்று. கேட்க வேண்டிய முதற்கேள்வியே அதுதான்.

சரி, எஃப் 14 வந்த எடுத்துக்காட்டுக்குத் திரும்புவோம். ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டு’ என்று எழுதி அறிக்கையை முடித்துவிடலாமா? நம்மில் பலர் அங்கேதான் முடிக்கிறோம். அதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. மைக்ரோசாப்ட் எக்செல்லில் உள்ள தரவுப் பகுப்பாய்வுக் கருவி ஒருவழி அனோவா அட்டவணையை அழகாகத் தந்துவிடும். எஃப், பி, எல்லை மதிப்பு எல்லாம் இருக்கும். பின்தொடர் சோதனையை மட்டும் அது தருவதில்லை. கருவி நின்ற இடத்தில் ஆய்வாளரும் நின்றுவிடுகிறார்.

எஃப் சோதனை சொல்வது ‘எங்கோ ஒரு வேறுபாடு இருக்கிறது’ என்பதை மட்டும். வீட்டில் மூன்று பிள்ளைகள் இருக்க, சமையலறையில் பலகாரம் குறைந்திருப்பதைக் கண்ட தாயின் நிலை அது. யாரோ எடுத்திருக்கிறார்கள் என்பது உறுதி. யார் என்பது இனித்தான் தெரிய வேண்டும். அதற்காகத்தான் பின்தொடர் சோதனைகள்.

ஜான் டூக்கி என்ற அமெரிக்க அறிஞர் தந்த சோதனை இவற்றுள் பலரும் அறிந்தது. குழு அளவுகள் சமமாக இருக்கும்போது கையாலேயே செய்துவிடலாம். அட்டவணையில் மூன்று குழுவுக்கும் பன்னிரண்டு கட்டின்மைப் பாகைக்கும் உரிய எண் 3.77. குழுவுக்குள் கிடைத்த 2.5ஐ ஐந்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.707. இரண்டையும் பெருக்க 2.67. எந்த இரு சராசரிகளின் இடைவெளி இதைத் தாண்டுகிறதோ அந்த இணையே வேறுபட்டது. வழக்கமான முறைக்கும் கதை வாசிப்புக்கும் இடைவெளி 1. தாண்டவில்லை. கதை வாசிப்புக்கும் இணையர் பயிற்சிக்கும் 4. தாண்டுகிறது. வழக்கமான முறைக்கும் இணையர் பயிற்சிக்கும் 5. அதுவும் தாண்டுகிறது.

இப்போதுதான் செய்தி முழுமை பெறுகிறது. இணையர் பயிற்சி மற்ற இரண்டிலிருந்தும் பிரிந்து நிற்கிறது. கதை வாசிப்பு வழக்கமான முறையைவிட மேல் என்று சொல்ல இந்தச் சோதனையில் சான்று இல்லை. எஃப் மதிப்போடு நின்றவர் என்ன எழுதியிருப்பார்? ‘மூன்று முறைகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டு, எனவே கதை வாசிப்பும் பயனளித்தது’ என்று எழுதியிருப்பார். அடுத்த ஆண்டின் நூல் வாங்கும் பணம் அந்த ஒரு வரியை நம்பிச் செலவாகியிருக்கும். சான்று இல்லை என்பதற்கும் பயனில்லை என்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் மறந்துவிடக் கூடாது. கதை வாசிப்பு வீண் என்று இந்தச் சோதனை சொல்லவே இல்லை. ஐந்து ஐந்து பேரை வைத்து ஒரு புள்ளி இடைவெளியைக் கண்டறிய முடியவில்லை என்றுதான் சொல்கிறது.

‘எதற்கு இத்தனை சுற்று, மூன்று இணைகளுக்கும் தனித்தனியே டி சோதனை செய்துவிடலாமே’ என்று ஆசிரியப் பயிற்சியாளர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. ஒவ்வொரு சோதனையிலும் இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லிவிடும் ஆபத்து ஐந்து விழுக்காடு. சோதனைகள் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், மூன்றில் ஒன்றாவது தவறிவிடும் வாய்ப்பு ஏறத்தாழ 14 விழுக்காடு. ஐந்து குழுக்கள் என்றால் பத்து இணைகள். அப்போது அது 40 விழுக்காடாகிவிடுகிறது. ஒரே குழு பல இணைகளில் வருவதால் உண்மையான எண் சற்று மாறும். ஆயினும் போக்கு இதுதான். வலையைப் பலமுறை வீசினால் எதாவது ஒன்று சிக்கத்தான் செய்யும். போன்பெரோனி முறை இதனை மிக எளிமையாகச் சமாளிக்கிறது. ஐந்து விழுக்காட்டை இணைகளின் எண்ணிக்கையால் வகுத்துவிடு என்கிறது. மூன்று இணைகளுக்கு 0.0167, பத்து இணைகளுக்கு 0.005.

இங்கே ஒரு சிறு கடுஞ்சொல் சொல்ல வேண்டியிருக்கிறது. எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் பின்தொடர் சோதனைக்கான பெட்டியைத் திறந்தால் பதினைந்துக்கும் மேற்பட்ட பெயர்கள் வரிசையாக நிற்கும். உணவகத்தில் பட்டியலைப் பார்த்து வேண்டியதைத் தேர்ந்தெடுப்பதுபோல், விரும்பிய விடை வரும்வரை ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நம் எடுத்துக்காட்டிலேயே பாருங்கள். ஃபிஷரின் குறைந்தபட்ச வேறுபாட்டு முறைப்படி எல்லை 2.18. டூக்கி முறைப்படி 2.67. ஷெஃப்பே முறைப்படி 2.79. ஓர் இணையின் இடைவெளி 2.5 என்று இருந்திருந்தால் முதல் முறை ‘ஆம்’ என்னும், மற்ற இரண்டும் ‘இல்லை’ என்னும். எந்தச் சோதனை என்பதைப் புள்ளிகளைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும். எல்லா இணைகளையும் ஒப்பிட வேண்டுமானால் டூக்கி. வழக்கமான முறை ஒன்றோடு மட்டும் மற்றவற்றை ஒப்பிட வேண்டுமானால் டன்னெட். குழுக்களின் சிதறல்கள் சமமாக இல்லையென்றால் கேம்ஸ்–ஹாவல். வேலைக்கு ஏற்ற கருவி. அவ்வளவுதான்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல விரும்புகிறேன். அதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. ரொனால்ட் ஃபிஷர் 1919இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். உருளைக்கிழங்கும் கோதுமையும் வளர்ந்த பாத்திகளின் விளைச்சலை ஒப்பிடத்தான் இந்தப் பகுப்பாய்வை உருவாக்கினார். 1925இல் வெளிவந்த அவருடைய நூல் இதனை உலகறியச் செய்தது. எஃப் என்ற எழுத்தை அவர் பெயரின் முதலெழுத்தாகப் பின்னர் வைத்தவர் ஜார்ஜ் ஸ்னெடெகோர்.

ரோதம்ஸ்டெட்டில் ஃபிஷரோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதியவர்களுள் டி. ஈடன் ஒருவர். அவர் பின்னர் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்றார். தேயிலையை வைத்துக் களச் சோதனை செய்யும்போது எவ்வளவு பிழை நேரும் என்பதை ஆராய்ந்து 1931இல் கட்டுரை வெளியிட்டார். அத்தகைய சோதனைகளில் ஒவ்வொரு பாத்தியின் கொழுந்தையும் தனித்தனியே பறித்து, தனித்தனியே நிறுக்க வேண்டும். மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறித்த கைகள் யாருடையவை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புள்ளியியலின் புது முறைக்கு எண்களைத் தந்தவை நம் பெண்களின் கூடைகள். கட்டுரைகளில் கூடைகள் வரும், பெயர்கள் வாரா.

நம் நாட்டுக்கும் அதே கதைதான். மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925இல் தோன்றியது. சுங்கை பூலோவில் அதன் சோதனைத் தோட்டம் இருந்தது. எந்த இனமரம் அதிகப் பால் தருகிறது என்று அறிய வெவ்வேறு இனங்களைப் பாத்தி பாத்தியாக நட்டு, ஆண்டுக்கணக்கில் பாலை அளந்தார்கள். நாட்டுக்கே பெயர் தேடித்தந்த ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற இனம் அப்படித்தான் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் பெற்றோருள் ஒன்று பி.பி. 86. அந்தப் ‘பி.பி.’ பிராங் பெசார் தோட்டத்தைக் குறிக்கும். அந்தத் தோட்டம் இருந்த மண்ணில்தான் இன்று புத்ராஜெயா நிற்கிறது. விடியற்காலையில் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு நிரை நிரையாக மரம் சீவிய நம் தாத்தா பாட்டிமார் பல இனங்களை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் பணிக்கு அடிப்படையாக இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கு எஃப் மதிப்பு தெரியாது. ஆனால், ‘இந்த மரம் நல்ல பால் தருவது இனத்தாலா, பள்ளத்தில் நிற்பதாலா?’ என்ற ஐயம் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

இந்தக் கேள்விதான் நம் ஆய்வுகளில் காணாமல் போகிறது. ஃபிஷர் மூன்று பாத்தியை எடுத்து மூன்று உரம் போட்டுவிட்டு முடிவு சொல்லவில்லை. ஒரே உரத்தைப் பல பாத்திகளுக்கு இட்டார். எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் தற்செயலாக முடிவு செய்தார். பள்ளத்து மண்ணும் மேட்டு மண்ணும் எல்லா உரத்துக்கும் கலந்து கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான். நாமோ மூன்று வகுப்புகளை எடுக்கிறோம். ‘3 வள்ளுவர்’ வகுப்புக்குப் பழைய முறை, ‘3 கம்பர்’ வகுப்புக்குக் கதை, ‘3 பாரதி’ வகுப்புக்கு இணையர் பயிற்சி. வகுப்புக்கு முப்பது பேர் என்றால் தொண்ணூறு தரவு கிடைத்துவிட்டதாக மகிழ்கிறோம். உண்மையில் நம்மிடம் இருப்பவை மூன்று பாத்திகள்தாம். ஒரே ஆசிரியரிடம், ஒரே காலைப் பொழுதில், ஒரே அறையில் படிக்கும் முப்பது பிள்ளைகள் ஒருவரையொருவர் சாராதவர்கள் அல்லர். பாரதி வகுப்பின் ஆசிரியர் நல்ல திறமைசாலி என்றால் அவருடைய திறமையும் இணையர் பயிற்சியின் பயனும் ஒன்றாகக் கலந்துவிடும். எந்த மென்பொருளாலும் இரண்டையும் பிரித்துத் தர முடியாது. எஃப் பெரிதாக வரும். பி சிறிதாக வரும். காரணம் மட்டும் தெரியாது.

வகுப்புகளையே கலைத்து மாணவர்களைக் குலுக்கிப் பிரிக்க எந்தத் தலைமையாசிரியரும் எளிதில் இடங்கொடுக்க மாட்டார். அது எனக்குத் தெரியும். ஆனால், அதே வகுப்புக்குள் பிள்ளைகளைச் சீட்டுப் போட்டு மூன்று குழுவாகப் பிரிக்கலாமே. அல்லது கிள்ளான் பள்ளத்தாக்கில் அருகருகே இருக்கும் ஆறேழு பள்ளிகளின் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஆய்வைச் செய்யலாம். தனித்தனியாக ஆளுக்கோர் ஆய்வேடு எழுதி அடுக்கில் வைப்பதைவிட அது பயனுள்ளது.

இந்த நோக்கில் தேசியப் பள்ளி, சீனப்பள்ளி, தமிழ்ப்பள்ளி ஒப்பீட்டைப் பாருங்கள். எந்தப் பிள்ளையும் சீட்டுக் குலுக்கி எந்தப் பள்ளிக்கும் அனுப்பப்படவில்லை. குடும்ப வருமானம், வீட்டில் பேசும் மொழி, பள்ளி இருக்கும் இடம், பாலர் பள்ளிக்குப் போன ஆண்டுகள், வீட்டில் படித்துக் காட்ட ஆள் இருப்பது இல்லாதது என எல்லாமே குழுவுக்குக் குழு மாறி நிற்கின்றன. அனோவா அந்த இடைவெளியை அளந்து சொல்லலாம். ‘தமிழ்ப்பள்ளியில் படித்ததால்தான்’ என்று அதற்குக் காரணம் கற்பிக்க எஃப் மதிப்புக்கு உரிமையில்லை. பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பலாமா என்று தயங்கும் ஒரு தந்தைக்கு இது வெறும் புள்ளியியல் நுணுக்கம் அன்று. மூன்று பட்டைகளைப் பார்த்துவிட்டு, தம் மகளுடைய ஆறு ஆண்டுகளை முடிவு செய்யப் போகிறார் அவர்.

சிறிய பள்ளிகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. நூற்றைம்பது மாணவர்களுக்கும் குறைவான பள்ளிகளைக் கல்வி அமைச்சு ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்று வகைப்படுத்துகிறது. நம் தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பகுதி அந்த வகைக்குள் வருகிறது. கிள்ளான் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளியைப் போன்ற பெரிய பள்ளிகளும் இருக்கின்றன. தோட்டம் போனபின்னும் தோட்டத்தின் பெயரைச் சுமந்து நிற்கும் சிறு பள்ளிகளும் இருக்கின்றன. பிள்ளைகளின் புள்ளிகளுக்குத் திட்ட விலக்கம் 15 என்று வைத்துக்கொள்வோம். ஆறாம் ஆண்டில் ஒன்பது பேர் இருக்கும் பள்ளியின் சராசரி தற்செயலாகவே ஏறத்தாழ 5 புள்ளி மேலும் கீழும் ஆடும். 225 பேர் இருக்கும் பள்ளியின் சராசரி 1 புள்ளிதான் ஆடும். 15ஐ மாணவர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்துப் பாருங்கள், விளங்கும். எனவே பள்ளிகளை வரிசைப்படுத்தினால், பட்டியலின் தலையிலும் காலிலும் சிறிய பள்ளிகளே அதிகம் நிற்கும். ஓர் ஆண்டு காலில் நின்ற பள்ளி மறு ஆண்டு ஒன்றும் செய்யாமலேயே மேலே வந்திருக்கலாம். ஆனால், அதற்குள் நான்கு பெற்றோர்கள் பிள்ளைகளை மாற்றிவிடுகிறார்கள். ஒன்பது பேர் ஐவராகிறார்கள். அடுத்த ஆண்டுச் சராசரி இன்னும் மோசமாக ஆடுகிறது.

2010இல் தொடங்கிய பள்ளித் தரவரிசையின் காலத்தில் இதைப் பலரும் நேரில் கண்டிருப்பீர்கள். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் எண்களை வரிசைப்படுத்தும் ஆசை நம்மை விட்டு நீங்கவில்லை.

இப்போது அதே ஆசை வகுப்புசார் மதிப்பீட்டின் பக்கம் திரும்பியிருக்கிறது. 1 முதல் 6 வரையுள்ள அடைவுநிலைகளைக் கூட்டிச் சராசரி கண்டு, வகுப்புக்கு வகுப்பு அனோவா செய்கிறார்கள். அடைவுநிலை என்பது படிவரிசை. இரண்டாம் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் உள்ள தொலைவும், ஐந்துக்கும் ஆறுக்கும் உள்ள தொலைவும் ஒன்றென்று யார் சொன்னது? இத்தகைய தரவுக்குத் தரவரிசைகளை வைத்துக் கணக்கிடும் கிரஸ்கல்–வாலிஸ் சோதனை இருக்கிறது. 1952இல் வந்தது. அதற்குப் பின்தொடர் சோதனையாக டன் என்பவரின் முறை இருக்கிறது. கட்டணமின்றிக் கிடைக்கும் ஜாஸ்ப் மென்பொருளில் இவை இரண்டையும் செய்யலாம். டூக்கி, கேம்ஸ்–ஹாவல் முறைகளும் உள்ளன. மென்பொருள் வாங்கப் பணமில்லை என்ற சாக்கு இனி எடுபடாது.

வேறுபாட்டின் அளவையும் எழுதுங்கள். நம் முதல் எடுத்துக்காட்டில் மொத்த மாறுபாடு 100, அதில் குழுக்களால் விளைந்தது 70. எனவே ஈட்டா வர்க்கம் 0.70. இது நான் அமைத்த எண் என்பதால் இவ்வளவு பெரிதாக இருக்கிறது. உண்மையான வகுப்பறையில் இப்படி வந்தால் முதலில் தரவைச் சந்தேகியுங்கள். மாணவர் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் இருக்கும்போது நேர்மாறான சிக்கல் வரும். அரைப்புள்ளி இடைவெளிகூட ‘குறிப்பிடத்தக்கது’ ஆகிவிடும். புள்ளியியலார் ‘குறிப்பிடத்தக்கது’ என்பதும் நாம் வீட்டில் ‘குறிப்பிடத்தக்கது’ என்பதும் ஒன்றல்ல என்பதைப் பெற்றோர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

செயலாய்வு அறிக்கையில் முடிவை எப்படி எழுதுவது என்று கேட்கும் இளம் ஆசிரியர்களுக்காக, மேலே கண்ட பயிற்சி எண்களை வைத்து ஒரு மாதிரி தருகிறேன். “பதினைந்து மாணவர்கள் சீட்டுக் குலுக்கி மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். குழுக்களின் சராசரிகள் 12, 13, 17. ஒவ்வொன்றின் திட்ட விலக்கமும் 1.58. ஒருவழி மாறுபாட்டுப் பகுப்பாய்வில் எஃப் (2, 12) = 14.0, பி < 0.001, ஈட்டா வர்க்கம் 0.70. முன்கூட்டியே முடிவு செய்திருந்த டூக்கி சோதனையின்படி, இணையர் பயிற்சிக் குழு வழக்கமான முறைக் குழுவைவிட 5 புள்ளி கூடுதலாகப் பெற்றது. அந்த இடைவெளி 2.33 முதல் 7.67 வரை இருக்கலாம். கதை வாசிப்புக் குழுவைவிட 4 புள்ளி கூடுதலாகப் பெற்றது, அது 1.33 முதல் 6.67 வரை இருக்கலாம். கதை வாசிப்புக்கும் வழக்கமான முறைக்கும் இடையிலான 1 புள்ளி வேறுபாட்டை உறுதிப்படுத்த இத்தரவு போதவில்லை. ஒரே பள்ளியில் ஒரே ஆசிரியர் நடத்திய சோதனை என்பதால் பிற பள்ளிகளுக்கு இதனை நேரடியாகப் பொருத்த இயலாது.”

கடைசி வாக்கியத்தை எழுத நம்மில் பலருக்கும் மனம் வருவதில்லை. ஆய்வு சிறுமைப்பட்டுவிடும் என்று அஞ்சுகிறோம். ஓர் ஆய்வேட்டைத் திருத்தும்போது நான் முதலில் தேடுவது அந்த வாக்கியத்தைத்தான்.